இசபெலா தீவுக்கு இரண்டு நாள் போதுமா? சியரா நெக்ரா ஏறியவர்கள் சொல்லுங்கள்

பைதூக்கி:
வணக்கம். செப்டம்பர் நடுவில் நானும் மனைவியும் ஈக்வடாரின் கலாபகோஸ் தீவுகளுக்குப் போகிறோம். கையில் எட்டு நாள். சாண்டா குரூஸ் இரண்டு, இசபெலா இரண்டு, சான் கிறிஸ்டோபல் இரண்டு, மிச்சத்தில் ஃபுளோரியானாவுக்கு ஒரு நாள் போய்வருவது என்று போட்டு வைத்திருக்கிறேன்.

என் சந்தேகங்கள்: இசபெலாவில் அந்த இரண்டு நாளில் சியரா நெக்ரா எரிமலை நடையையும் லாஸ் துனெலஸ் படகுப் பயணத்தையும் முடித்துவிடலாமா? செப்டம்பரில் மேலே ஒரே மூடுபனி, போய் வெள்ளைச் சுவரைத்தான் பார்ப்பீர்கள் என்று ஒருவர் பயமுறுத்தினார். உண்மையா? அப்புறம் பறக்காத நீர்க்காகத்தையும் இளஞ்சிவப்பு இகுவானாவையும் பார்த்தே ஆக வேண்டும் என்கிறார் மனைவி. இசபெலாவில்தான் அவை இருக்கின்றனவாம்.

நடைராஜா:
எட்டு நாளில் நான்கு தீவு என்றால் நீங்கள் பார்க்கப்போவது படகுத்துறைகளை மட்டும்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள், முதல் தடவை நானும் இதே தப்பைச் செய்தவன்.

கணக்குப் பாருங்கள். விமானம் இறங்குவது பால்ட்ராவில். அங்கிருந்து பேருந்து, இத்தபாகா கால்வாயைக் கடக்க ஒரு படகு, மறுபடி பேருந்து, அப்புறம்தான் சாண்டா குரூஸின் புவெர்ட்டோ அயோரா ஊர். அதிலேயே பாதி நாள் போச்சு. இசபெலாவுக்கு அங்கிருந்து விசைப்படகில் இரண்டு மணி நேரம். இசபெலாவிலிருந்து சான் கிறிஸ்டோபலுக்கு நேர்ப்படகு கிடையாது, சாண்டா குரூஸ் வந்து படகு மாற வேண்டும். நீங்கள் போட்டிருக்கும் இரண்டு இரண்டு நாட்களில் ஒவ்வொரு இரண்டும் உண்மையில் ஒன்றரைதான்.

சான் கிறிஸ்டோபலையும் ஃபுளோரியானாவையும் வெட்டிவிட்டு இசபெலாவுக்கு நான்கு அல்லது ஐந்து நாள் கொடுங்கள். தீவுக்கூட்டத்தின் மொத்த நிலப்பரப்பில் பாதிக்கு மேல் அந்த ஒரு தீவுதான். சுமார் 4,600 சதுர கிலோமீட்டர். மனிதர்கள் வாழ்வது தெற்கு ஓரத்தில் புவெர்ட்டோ வில்யமில் என்ற சிற்றூரிலும் அதற்கு மேலே உள்ள மலைச்சரிவுப் பண்ணைகளிலும் மட்டும். மற்றதெல்லாம் லாவாவும் ஆமையும்.

மூடுபனி விஷயம் உண்மைதான், ஆனால் பாதி உண்மை. அதைப் பாறைப்பித்தன் சார் வந்து சொன்னால் நன்றாக இருக்கும்.

கடல்காகம்:
என் பெயருக்குரிய பறவையைப் பற்றிய கேள்வி, விடுவேனா.

பறக்காத நீர்க்காகம் இசபெலாவில் இருக்கிறது, ஆனால் நீங்கள் தங்கப்போகும் இசபெலாவில் இல்லை. தீவின் மேற்கு, வடக்குக் கரைகளிலும் பக்கத்திலுள்ள ஃபெர்னாண்டினாவிலும் மட்டும்தான் கூடு கட்டும். குளிர்ந்த ஆழ்கடல் நீர் மேலெழும்பி மீன் பெருகுவது அந்தப் பக்கம்தான். வில்யமிலிலிருந்து ஒருநாள் படகில் அங்கே போய்வர முடியாது, தங்கும் கப்பலில்தான் போக வேண்டும். ஒரு கப்பல் ஒரே இடத்துக்கு 14 நாளுக்குள் இரண்டாம் முறை போகக் கூடாது என்பது தேசியப் பூங்கா விதி. அதனால் கப்பல் பதிவு செய்யும்போது மேற்குச் சுற்றா கிழக்குச் சுற்றா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கிழக்குச் சுற்றில் ஏறிவிட்டு நீர்க்காகம் எங்கே என்று தேடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இளஞ்சிவப்பு இகுவானாவை மறந்துவிடுங்கள். இசபெலாவின் வடகோடியில் உள்ள வூல்ஃப் எரிமலை உச்சியைத் தவிர உலகில் வேறெங்கும் அது கிடையாது. பூங்காக் காவலர்கள் 1986இல்தான் முதலில் பார்த்தார்கள். தனி இனம் என்று விவரித்தது 2009இல். சுற்றுலாப் பயணிகளுக்கு அங்கே அனுமதியே இல்லை. இல்லாததும் நல்லதுக்குத்தான்.

ஆனால் பென்குயின் கிடைக்கும். வில்யமில் துறைமுகத்துக்கு எதிரிலேயே, லாஸ் தின்தொரெராஸ் தீவுத்திட்டுகளில், அதிர்ஷ்டம் இருந்தால் பத்தடி தூரத்தில்.

வாணி:
படகைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. அந்த இரண்டு மணி நேரம் என் வாழ்க்கையின் நீளமான இரண்டு மணி நேரம். ஆகஸ்ட், செப்டம்பரில் கடல் கொந்தளிப்பாக இருக்கும். மூன்று எஞ்சின் போட்ட சின்னப் படகு, அலைமேல் தாவித் தாவிப் போகும். ஒவ்வொரு தாவலுக்கும் முதுகெலும்பு ஒரு கணக்கெடுக்கும்.

வாந்தி மாத்திரையை ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போடுங்கள், ஏறின பிறகு போட்டுப் பயனில்லை. பின்பக்க இருக்கையைப் பிடியுங்கள். நனைவீர்கள், பரவாயில்லை. முன்பக்கம் உட்கார்ந்தவர்களின் முகத்தைப் பார்த்தால் உங்களுக்கே புரியும். பால்ட்ராவிலிருந்து இசபெலாவுக்குக் குட்டி விமானமும் உண்டு. பை எடைக்குக் கறாரான கட்டுப்பாடு, விலையும் அதிகம். திரும்பும்போது நான் யோசிக்காமல் அதில்தான் ஏறினேன்.

இன்னொன்று, பணத்தைக் கையில் எடுத்துப் போங்கள். ஈக்வடாரில் அமெரிக்க டாலர்தான் புழங்குகிறது. இசபெலாவில் ஏ.டி.எம்.மை நம்பிப் போகாதீர்கள். துறையில் இறங்கியதும் வெளிநாட்டவரிடம் பத்து டாலர் வாங்குவார்கள்.

சும்மா_படிக்கிறேன்:
பத்து டாலர் கிடக்கட்டும். பூங்கா நுழைவுக் கட்டணம் 2024 ஆகஸ்ட் முதல் 100இலிருந்து 200 டாலர் ஆகிவிட்டது. அதற்கு மேல் 20 டாலருக்குப் பயண அட்டை. ஆமையைப் பார்க்க இவ்வளவா? பணக்காரர்கள் மட்டும் வரட்டும் என்று நேரடியாகவே சொல்லிவிடலாம்.

நடைராஜா:
ஆமைக்கு அல்ல, ஆடு இல்லாமல் இருப்பதற்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. இசபெலாவின் நடுவில் பெர்ரி பூசந்தி என்று ஒரு லாவா வெளி இருக்கிறது. தெற்கே இருந்த ஆடுகள் பல காலம் அதைத் தாண்டவில்லை. 1970களின் பிற்பகுதியில் சில தாண்டின. அப்புறம் அல்செடோ எரிமலைச் சரிவு மொட்டையானது. அங்கே மரங்களில் படிந்து சொட்டும் பனிநீரில்தான் ஆமைகள் வறட்சிக் காலத்தை ஓட்டும். மரம் போனால் சொட்டும் போச்சு. ஹெலிகாப்டரில் ஆள் வைத்துச் சுட்டார்கள். மிச்சம் இருப்பவற்றைக் கண்டுபிடிக்க, ரேடியோப் பட்டை கட்டிய ஆடுகளை அவிழ்த்துவிட்டார்கள். ஆடு ஆட்டைத் தேடித்தான் போகும், பின்னாலேயே போய்ச் சுட்டார்கள். 2006இல் முடிவதற்குள், மற்ற தீவுகளையும் சேர்த்து, ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு மேல். அந்த மாதிரி வேலைக்கெல்லாம் பணம் எங்கிருந்தோ வர வேண்டுமே.

சும்மா_படிக்கிறேன்:
காட்டிக்கொடுக்கும் ஆடா! சரி, 200ஐப் பற்றி இனி வாய் திறக்கவில்லை. முணுமுணுக்க மட்டும் செய்கிறேன்.

பாறைப்பித்தன்:
கூப்பிட்டதற்கு நன்றி, நடைராஜா. மூடுபனியைப் பற்றி.

ஜூன் முதல் டிசம்பர் வரை தெற்கிலிருந்து ஹம்போல்ட் நீரோட்டம் குளிர்ந்த நீரைக் கொண்டுவருகிறது. கடல் குளிர்ந்தால் அதை ஒட்டிய காற்றும் குளிரும். மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல் உட்கார்ந்திருப்பதால் ஈரம் மேலே போக வழியின்றி தாழ்ந்த மேகமாகப் பரவும். அதிலிருந்து விழும் பொடித்தூறலைத்தான் அங்கே காருவா என்பார்கள். காற்று தென்கிழக்கிலிருந்து வீசுவதால் அந்த மேகம் தீவுகளின் தெற்குச் சரிவில் போய் முட்டி நிற்கும். சியரா நெக்ராவின் உயரம் 1,124 மீட்டர். நீங்கள் நடையைத் தொடங்குவது அந்தத் தெற்குப் பக்கத்தில், மேகத்துக்கு உள்ளேயேதான்.

ஆனால் விளிம்பைச் சுற்றி வடக்குப் பக்கம் இறங்கினால் மழைமறைவு. காய்ந்த நிலம், பல நாள் வெயில். எரிமலை வாய் வரை போய் "ஒன்றும் தெரியவில்லை" என்று திரும்புகிறவர்கள் மேகத்தைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அங்கிருந்து வடக்குச் சரிவில் வோல்கன் சிக்கோ என்ற லாவா வெளி வரை போகிறவர்கள்தான் எரிமலையைப் பார்க்கிறார்கள். போகவர 16 கிலோமீட்டர், ஐந்தாறு மணி நேரம். கடினமான ஏற்றம் கிடையாது. கவிழ்த்த கிண்ணம் மாதிரி சாய்வான மலை, வண்டியே பெரும்பகுதி உயரத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடும்.

கால்டெரா என்ற அந்தப் பெருவாய் கிட்டத்தட்ட பத்து கிலோமீட்டர் அகலம். கூம்பின் உச்சியில் ஓட்டை என்று கற்பனை செய்யாதீர்கள். அடியில் இருந்த உருகிய பாறை வடிந்ததும் கூரை அப்படியே உள்ளே அமர்ந்ததால் வந்த பள்ளம். அதன் தரை இன்றும் மூச்சு விடுகிறது. 2005 வெடிப்புக்குப் பிறகு மெல்ல மெல்ல மேலெழும்பி, 2018 ஜூன் 26இல் மீண்டும் வெடிப்பதற்குள் ஆறரை மீட்டர் உயர்ந்திருந்தது. இரண்டு மாடி உயரம்! மேலே நடக்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது, ஜி.பி.எஸ். கருவிகள்தான் சொன்னவை.

வழிகாட்டி கட்டாயம், தனியாக விடமாட்டார்கள். சில சமயம் பாதையையே மூடுவதும் உண்டு. அதற்கும் சேர்த்து ஒரு நாள் உபரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பைதூக்கி:
எல்லோருக்கும் நன்றி. நீர்க்காகம் இல்லை என்றதும் வீட்டில் கொஞ்சம் மௌனம். பென்குயினைச் சொல்லிச் சரிக்கட்டினேன். திட்டத்தை மாற்றிவிட்டேன்: இசபெலா ஐந்து இரவு, மிச்சம் சாண்டா குரூஸ். காலணி பற்றி யாராவது?

நடைராஜா:
பழகிய காலணி, தடித்த அடிப்பாகம். புதுசு வேண்டாம். உள்ளூர்க் கடைகளில் ரப்பர் பூட்ஸ் தருவார்கள், சேற்றுக்கு நல்லது, லாவாவுக்கு ஆகாது. கிளம்பும் முன் காலணியின் இடுக்கில் இருக்கும் மண்ணைப் பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். விதையோ மண்ணோ போகக் கூடாது என்று விமான நிலையத்தில் பைகளைச் சோதிப்பார்கள்.

வாணி:
காற்றுப்புகாச் சட்டை ஒன்று, தொப்பி, நிறைய சன்ஸ்கிரீன். மேகமாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள், நிலநடுக்கோட்டு வெயில் மேகத்துக்குள்ளேயே வந்து சுடும். என் காது மடல் உரிந்த கதையைத் தனியாகச் சொல்கிறேன்.

பைதூக்கி:
போய் வந்துவிட்டோம்! உதவியவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறேன், அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

படகு வாணி மேடம் சொன்ன மாதிரியேதான். பின் இருக்கை, மாத்திரை, தொப்பலாக நனைந்தோம், வாந்தி இல்லை. எங்களுக்கு முன்னால் இருந்தவர் இரண்டு மணி நேரமும் கண்ணைத் திறக்கவில்லை.

முதல் நாள் மாலை துறைக்குப் பக்கத்திலுள்ள கொன்ச்சா டி பெர்லா. சதுப்புக் காட்டுக்கு நடுவில் மரப்பலகைப் பாதை, முடிவில் குளம் மாதிரி அடங்கிய கடல். கடைசியில் உட்கார்ந்து துடுப்புக்காலணி மாட்ட ஒரு பெஞ்சு. அதில் முழு நீளத்துக்கும் ஒரு கடல் சிங்கம் படுத்திருந்தது. இரண்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி, பாதையின் அகலமே இரண்டு மீட்டர் இருக்காது. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது, கொட்டாவி விட்டது, திரும்பப் படுத்துவிட்டது. மீன் நாற்றம் அடித்த அந்தக் கொட்டாவியை மனைவி இன்றும் நடித்துக் காட்டுகிறார். பத்து நிமிடம் காத்திருந்து, கைப்பிடியில் ஒட்டிக்கொண்டு தாண்டினோம்.

இரண்டாம் நாள் லாஸ் துனெலஸ் போக வேண்டும். நுழையும் இடத்தில் அலை பெரிது என்று காலையிலேயே ரத்து செய்துவிட்டார்கள். முதலில் போட்ட திட்டத்தில் இருந்திருந்தால் அத்தோடு போச்சு. உபரி நாள் இருந்ததால் நான்காம் நாளுக்குத் தள்ளிவைத்தோம். அன்றைக்கு வாடகை மிதிவண்டி எடுத்துக்கொண்டு கண்ணீர்ச் சுவர் வரை போனோம். ஊரிலிருந்து ஆறேழு கிலோமீட்டர், வழிகாட்டி தேவையில்லை. 1946 முதல் 1959 வரை அங்கே கைதிகள் குடியிருப்பு இருந்தது. எதற்குமே பயனில்லாத ஒரு சுவரைச் சாந்தில்லாமல், லாவாக் கற்களை அடுக்கியே கட்டவைத்திருக்கிறார்கள். கிட்டே போய் ஒரு கல்லைத் தொட்டுப் பார்த்தேன், உள்ளங்கையில் அரத்தைத் தேய்த்த மாதிரி இருந்தது. வெறுங்கையோடு அதைச் சுமந்தவர்களை நினைத்து வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

திரும்பும் வழியில் ஒரு பெரிய ஆமை பாதையின் குறுக்கே. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கொஞ்சம் நெருங்கியதும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு உஸ்ஸென்று ஒரு சத்தம். பாம்பு என்று பதறிவிட்டேன். தலையை இழுக்கும்போது நுரையீரல் அமுங்கிக் காற்று வெளியேறும் சத்தமாம். பக்கத்தில் மன்சனிய்யோ மரம், தொடாதே என்று பலகை. அதன் பால் பட்டால் நம் தோல் வெந்துவிடும். ஆமையோ கீழே கிடந்த அதன் பழத்தைச் சாவகாசமாக மென்றுகொண்டிருந்தது.

மூன்றாம் நாள் சியரா நெக்ரா. வண்டி இறங்கியதிலிருந்தே வெள்ளை. கொய்யாப் புதர், பெரணி, சேறு. அந்தக் கொய்யா அங்கே வந்தேறிக் களையாம், ஆமை தின்று விதையைப் பரப்புகிறது என்றார் வழிகாட்டி. ஒரு மணி நேரத்தில் விளிம்புக்கு வந்தோம். "இதோ கால்டெரா" என்று கையைக் காட்டினார். கையின் நுனி மட்டும் தெரிந்தது. என் கண்ணிமை முடியில் நீர்த்துளி சேர்ந்து, இமைக்கும்போதெல்லாம் கன்னத்தில் சொட்டியது. இன்னொரு குழு அங்கேயே படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டது. பாறைப்பித்தன் சார், அந்த நிமிடம் உங்களை நம்பியதற்கு மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

விளிம்போடு இன்னும் ஒரு மணி நேரம். அப்புறம் பாதை கீழே திரும்புகிறது. அங்கே ஒரு இடம், திரையை விலக்கிய மாதிரி என்று எழுத வந்தேன், அப்படி இல்லை. முதலில் தரை காய்ந்தது. காலடியில் சேறு போய்ப் பொடி வந்தது. அப்புறம் என் நிழல் வந்தது. நிமிர்ந்தால் வானம் நீலம். செடி கொடி எல்லாம் ஒரே கோட்டில் நின்றுவிட்டு, அப்பால் சிவப்பும் கறுப்பும் மஞ்சளுமாக லாவா. வோல்கன் சிக்கோவில் 1979இல் வழிந்தது என்றார்கள். மேலே நடந்தால் உடைந்த பானை ஓட்டின் மேல் நடக்கிற சத்தம். ஒரு வெடிப்பின்மேல் கை வைக்கச் சொன்னார் வழிகாட்டி. சுடவில்லை, காய்ச்சல்காரன் மூச்சு மாதிரி ஈரமான சூடு.

அங்கிருந்து வடக்கே பார்த்தால் பெர்ரி பூசந்தி, அதற்கப்பால் அல்செடோ, இடப்பக்கம் கடலுக்கு நடுவில் ஃபெர்னாண்டினா. நம் நீர்க்காகம் அங்கேதான் இருக்கிறது என்று மனைவியிடம் காட்டினேன். "தெரிகிறது" என்றார், சிரிக்காமல்.

திரும்பும்போது விளிம்பில் மேகம் நான்கைந்து நிமிடம் கிழிந்தது. கீழே கன்னங்கரேலென்று ஒரு சமவெளி, எதிர்க்கரை எங்கோ தூரத்தில். படம் எடுக்கப் பையைத் திறந்து, மூடியைக் கழற்றி, நிமிர்ந்தபோது மூடிக்கொண்டது.

ஒரே ஒரு வருத்தம்: லாஸ் துனெலஸுக்கு நாங்கள் பதிவு செய்த முகவர் கொடுத்த நீச்சல் உடையின் ஜிப் பாதியில் நின்றுவிட்டது, முதுகு முழுக்கக் குளிர்நீர். கரையிலேயே போட்டுப் பார்த்து வாங்குங்கள். ஆனாலும் லாவா வளைவுகளுக்கு அடியில் ஆறு வெண்முனைச் சுறாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தூங்கியதைப் பார்த்தபோது குளிர் மறந்துவிட்டது. வளைவுகளின் மேலே நீலக்கால் பூபிப் பறவைகள். தின்தொரெராஸில் மூன்று பென்குயின்.

பாறைப்பித்தன்:
அந்த நான்கு நிமிடம் எனக்கு மூன்று பயணத்தில் ஒரு தடவைகூடக் கிடைக்கவில்லை. பொறாமையாக இருக்கிறது.

கடல்காகம்:
ஆமை வளர்ப்பு மையம் போனீர்களா? அதைச் சொல்லவே இல்லையே.

பைதூக்கி:
போனோம், மறந்துவிட்டேன். முட்டையை எந்த வெப்பத்தில் வைக்கிறார்களோ அதைப் பொறுத்துத்தான் ஆணா பெண்ணா என்று முடிவாகிறதாம். 28 டிகிரி என்றால் ஆண், 29.5 என்றால் பெண். இனம் பெருகப் பெண் நிறைய வேண்டும் என்று அதற்கேற்றபடி வைக்கிறார்கள். 1998இல் செர்ரோ அசூல் எரிமலை வெடித்தபோது லாவா வந்த பாதையிலிருந்து ஆமைகளை ஹெலிகாப்டரில் தூக்கிவந்த கதையையும் சொன்னார்கள். காற்றில் தொங்கிய ஆமை என்ன நினைத்திருக்கும் என்று மனைவி கேட்டார், ஊழியரிடம் பதில் இல்லை.

வாணி:
திரும்பும்போது படகா விமானமா?

பைதூக்கி:
படகுதான். முன் இருக்கை கிடைத்தது. அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை.

சும்மா_படிக்கிறேன்:
200 டாலர் விவகாரத்தை விடுங்கள். அந்த பெஞ்சு கடைசியில் உங்களுக்குக் கிடைத்ததா இல்லையா?

பைதூக்கி:
ஐந்து நாளில் நான்கு முறை போனோம், ஒரு தடவைகூட இல்லை. கிளம்பும் நாள் காலையில் அது பெஞ்சில் இல்லை என்று ஓடினோம். இறங்கும் படிக்கட்டில் படுத்திருந்தது.